மேடையில் வாய் திறக்காமல் நின்ற பையனுக்காக

பர்மாவில் தமிழ்க் கோயில்களை நிர்வகிக்கும் அறங்காவலர் ஐயாமார்களுக்கும், கோயில் மண்டபங்களில் தமிழ் வகுப்பு நடத்தும் குழுவினருக்கும் வணக்கம்.

ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன ஆண்டு விழாவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் குறள் சொல்ல மேடையேறினான். மூன்று வாரமாக என்னிடம் தட்டுத் தடங்கலில்லாமல் ஒப்பித்த அதே பத்துக் குறள்தான். மைக்குக்கு முன்னால் நின்றதும் அவனுக்கு வார்த்தை வரவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பான். குழுவிலிருந்த ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, “இவன் பர்மாக்காரனாகவே ஆயிட்டான், தமிழ் எங்கேயிருந்து வரும்?” என்றார். கூட்டம் சிரித்தது. பையன் பள்ளிக்கூடத்தில் சயாமாவுக்கு, அதாவது பர்மிய டீச்சருக்கு, முன்னால் நிற்பதுபோல மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா மலேசியாவில் வேலை. அம்மா லைங்தாயாவில் ஒரு தையல் ஆலையில். இருட்டோடு போய் இருட்டியபின் வருகிறாள். வீட்டில் அம்மாவைப் பெற்ற ஆயாவும் இவனும் நாலு வயதுத் தங்கச்சியும் மட்டும். படியேறும்போதே உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் நின்று கேட்டேன். முனீசுவரன் குதிரையில் வருவதைத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். குதிரை பர்மியத்தில் ஓடியது, முனீசுவரன் தமிழில் அதட்டினார், நடுவில் தங்கச்சி கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டும் கலந்து பதில் வந்தது. அப்படி ஒரு கதைசொல்லி நம் வகுப்பில் இல்லை. நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது.

அன்றைக்கு அந்த ஆயாவிடம் ரொம்ப நேரம் பேசினேன். 1964-இல் அவருக்கு எட்டு வயது. அந்த மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலமும் அதுதான். லட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறினார்கள். ஆயாவின் சித்தப்பா குடும்பமும் போய்விட்டது. அவர் அப்பா மட்டும் இங்கேயே தங்கினார். தங்கியவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: “சத்தம் போடாதே. வெளியே தமிழ் பேசாதே. யார் கண்ணிலும் படாதே.” ஆயா அதைத் தன் மகளுக்குச் சொன்னார். மகள் ஆலையிலிருந்து களைத்து வந்து, தன் மகனுக்கு ஒரே வார்த்தையில் சொல்கிறாள்: “சும்மா இரு.”

ஐயாமாரே, நாம் நம் பிள்ளைகளை மந்தம் என்கிறோம், ஊமைக்கோட்டான் என்கிறோம், கூச்சம் பிடித்ததுகள் என்றும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துச் சயாமாவும் வகுப்பில் கையே தூக்குவதில்லை என்று எழுதி அனுப்புகிறார். அறுபது வருஷமாக நாம் வீட்டுக்குள் வளர்த்த பயம்தான் அந்தப் பிள்ளைகள் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம் அப்பாமார்கள் அப்படி வளர்த்தது தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது. ஆனால் பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாது. அதன் காதில் விழுவது ‘சும்மா இரு’ மட்டும்தான். என் பேச்சு யாருக்கும் வேண்டாம் என்று அது புரிந்துகொள்கிறது.

பத்து வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகிற நாளை நினைத்துப் பாருங்கள். 1982 குடியுரிமைச் சட்டம் நம்மை மூன்று வகையாகப் பிரித்தது. ரோஸ், நீலம், பச்சை என்று அட்டைக்கு நிறம் வேறு. அதிலேயே இனம், மதம். அலுவலக வாசலில் அம்மாவும் மாமாவும் குசுகுசுவென்று பேசிக்கொள்வதும், பாட்டனுடைய பழைய காகிதத்தைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போடுவதும் பிள்ளை கண்ணில் படாமலா போகும்? பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவன், இந்திய வம்சத்தாரை இளக்காரமாகச் சொல்கிற ‘கலா’ என்ற பேரால் கூப்பிடுகிறான். கோயிலுக்கு வந்தால் நாம் ‘பர்மாக்காரன்’ என்கிறோம். அங்கேயும் ஆகாதவன், இங்கேயும் ஆகாதவன். இந்த இரண்டாவது பேரை வைத்தவர்கள் நாம். அதை எடுத்துவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.

மொழி கலந்து பேசுவதைப் பற்றி நம் குழுக்களில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எங்கள் வகுப்பில் பர்மியம் பேசினால் நூறு கியாட் அபராதம் என்று ஒரு விதி உண்டு. கலந்து பேசினால் பிள்ளைக்கு மூளை குழம்பிவிடும் என்று காரணம் சொன்னார்கள். அப்படிக் குழம்புவதில்லை. பிறந்த ஆறு மாதத்துக் குழந்தை உலகத்தில் எந்த மொழியின் ஒலியையும் பிரித்துக் கேட்கும். முதல் பிறந்தநாள் வருவதற்குள் அதன் காது வீட்டிலும் தெருவிலும் கேட்கிற மொழிகளுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். இரண்டு மொழி கேட்டால் இரண்டுக்கும் பழகும். பர்மியத்தில் ‘சா’ என்பதை ஒரு விதமாகச் சொன்னால் எழுத்து, இன்னொரு விதமாக இழுத்தால் சாப்பிடுவது. தமிழில் அதே ‘சா’வுக்குப் பொருள் வேறு, ஆயா முன்னால் அதைச் சொன்னால் வாயிலேயே போடுவார். ஐந்து வயதுப் பிள்ளை இந்த மூன்றையும் எங்கே, யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தவறாமல் தெரிந்து வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையிடம்தான் நாம் நூறு கியாட் வாங்குகிறோம்.

பேச்சு வளர்வது பதில் கிடைக்கும் இடத்தில். குழந்தை ‘ங்கா’ என்றால் அம்மா ‘என்னடா கண்ணு’ என்கிறாள். அது மறுபடி ‘ங்கா’ என்கிறது. இந்தப் போக்குவரத்தில்தான் சொல் பிறக்கிறது. குழந்தை முன்னால் போன் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம். அது குழந்தைக்குப் பதில் சொல்லாது. 2020-இலும் 2021-இலும் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் மூன்று, நாலு வயதில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் யாரும் பேசாமல் போன மாதங்களுக்கு அவர்களையா குறை சொல்வது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கடமான விஷயம், பெண்கள் வட்டத்தில் பேசுகிற விஷயம், ஆனாலும் நிர்வாகத்தார் காதில் விழவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பத்தியம் வைக்கிறோம். பர்மியர் வீடுகளிலும் அவர்கள் முறையில் உண்டு. மீன் ஆகாது, பருப்பு ஆகாது, காய் ஆகாது என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் ரசமுமாக வாரக்கணக்கில் ஓட்டுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அரிசியைத் தீட்டும்போதும் பலதடவை கழுவும்போதும் தயமின் என்கிற பி1 வைட்டமின் போய்விடுகிறது. தாய்க்கு இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. நன்றாக இருந்த கைக்குழந்தை திடீரென்று குரல் கம்மி, மூச்சு வாங்கி, இரண்டு நாளில் இறந்துபோவது இந்த நாட்டில் காலங்காலமாக உண்டு. பெரிபெரி என்பது அதன் பெயர். நம்மவர்கள் தோஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இஸ்ரேலில் 2003-இல் ஒரு குழந்தைப் பால்மாவில் தயமின் இல்லாமல் போன விவகாரம் வெளியே வந்தது. அதைக் குடித்து, நோய் வெளியே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக்கூட ஐந்தாறு வயதில் பேச்சும் மொழியும் தடுமாறியதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். பத்தியம் வைப்பவர் அன்பினால்தான் வைக்கிறார். அந்த அன்பிலேயே கொஞ்சம் பயறும் மீனும் முட்டையும் சேரட்டும். வளைகாப்புக்குக் கோயில் மண்டபத்தை இலவசமாகத் தருகிறீர்கள், நல்ல காரியம். அன்றைக்கு ஒரு நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கால்மணி நேரம் இதைப் பேசவையுங்கள். நான் பத்து வருஷம் பேசியும் கேட்காத மாமியார்கள் கோயில் மண்டபத்தில் சொன்னால் கேட்பார்கள்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்கிற உளவியல் அறிஞரும் அவருடன் வேலை செய்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்துவந்தார்கள். அவர்களில் பலர் கரும்புத் தோட்ட வேலைக்கு வேறு தேசங்களிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். வயலுக்கும் ஆலைக்கும் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார்களை நினைத்துக்கொண்டுதான் இதை நான் படித்தேன். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல கஷ்டங்களுக்கு நடுவில் பிறந்தவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, வேலையும் குடும்பமும் உள்ளவராக வளர்ந்து நின்றார். அப்படி வளர்ந்தவர்களுக்கு வாய்த்தவற்றில் முக்கியமானது, அந்தப் பிள்ளையை நம்பி, அதன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு பெரியவர். பல பேருக்கு அது தாத்தா பாட்டி. சிலருக்குப் பக்கத்து வீட்டார், சிலருக்கு ஒரு வாத்தியார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மிடம் பணம் இல்லை, நம் பிள்ளைகளின் அப்பாமார்கள் பக்கத்தில் இல்லை, 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபிறகு அண்ணன்மார்களும் பலர் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்தும், என் வகுப்பிலிருந்து போன வருஷம் இரண்டு பையன்கள் டீக்கடைக்குக் கிளாஸ் தூக்கப் போனார்கள். ஆனால் ஞாயிறு காலையில் கோயில் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆயாமார்களும் தாத்தாமார்களும் எத்தனை பேர்! எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர்.

அதனால் என் வேண்டுகோள் இது. அபராதத்தை எடுத்துவிடுங்கள். மறுப்புச் சொன்னால் அந்த நூறு கியாட்டை நானே வாராவாரம் கட்டுகிறேன், பிள்ளையிடம் கேட்கவேண்டாம். வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் புத்தகம் வேண்டாம். ஒவ்வொரு ஆயாவுக்கும் நாலைந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்துப் பேச விடுவோம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும், ஆயா தமிழில் பதில் சொல்லுவார். தமிழ் அந்த வழியாகத்தான் வரும். எனக்கு வந்ததும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் மிஞ்சுகிற அரிசி பருப்பில் ஞாயிறு காலைக்கு ஒரு பொங்கலோ கிச்சடியோ முடியும். காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளைகளை எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆண்டு விழாவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம் என்று நான் நினைக்கிறேன். அதை நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பரவாயில்லை. ஆனால் மைக் முன்னால் நிற்கும் பிள்ளையை யாரும் கேலி பேசக்கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கோயிலை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அறுபதுகளில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமையானபோது, தமிழ் வந்து ஒதுங்கியது இந்த மண்டபங்களுக்குள்தான். உங்கள் அப்பாமார்கள் கதவைத் திறந்துவைத்திருக்காவிட்டால் எனக்கு ‘ழ’ எழுதத் தெரிந்திருக்காது. ஒதுங்க இடம் கொடுத்த மண்டபத்திலேயே பிள்ளைகள் சத்தமாகப் பேசவும் இடம் கேட்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நிர்வாகக் கூட்டம் என்று சொன்னார்கள். நான் வருகிறேன். அந்தப் பையனின் ஆயாவையும் கூட்டிவருகிறேன். 1964-இல் தன் அப்பா என்ன சொன்னார் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார முடியாது. ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ரங்கூன் கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருத்தி