இனமும் பாலினமும் இயற்கை போட்ட கோடுகளா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கட்டுரையில் "இனமும் ஆண், பெண் கடமைகளும் இயற்கை போட்ட கோடுகள்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவில் குடியேறியவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றிருந்த காலம். 1922 நவம்பரில் ஜப்பானியரான டாகாவோ ஓசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசியர் (அன்றைய மானிடவியல் வகுத்த ஓர் இனப்பிரிவு), இவர் காகேசியர் இல்லை என்று சொன்னது உச்ச நீதிமன்றம். மூன்றே மாதத்தில் பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்டின் வழக்கு வந்தது. அன்றைய மானிடவியல் வகைப்பாட்டில் வட இந்தியர் காகேசியர்தான். ஆனாலும் சாதாரண மனிதர் பார்வையில் இவர் வெள்ளையர் இல்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கையின் கோடு இப்படியா நகரும்?

1972-இல் மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவாண்டின் கணக்கிட்டுச் சொன்னதும் இதைத்தான். மனிதர்களின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது; இனத்துக்கு இனம் வேறுபடுவது சிறு பங்குதான்.

சரி, பாலினத்துக்கு வருகிறேன். உடம்பு இயற்கை தந்தது. கடமையைத் தந்தது யார்? நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஆய்வகப் பொறுப்பை எனக்குப் பின்னால் வந்த ஆண் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். "இருட்டும்வரை வேலை இருக்கும், பெண்ணுக்குச் சரிப்படாது" என்றார் தலைமையாசிரியர். ஆண்டுவிழாவில் விருந்தினரை வரவேற்க மட்டும் என்னை இரவு ஒன்பது மணிவரை வாசலில் நிற்க வைத்தார். இன்றைக்கும் அது ஆறவில்லை.

நம் இலக்கணம்கூட உடம்பை மட்டும் பார்த்துப் பால் பிரிக்கவில்லை. காளையானாலும் பசுவானாலும் 'வந்தது' என்றுதான் சொல்கிறோம். இதை ஒரு பத்திரிகைக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. போன வருடம் நான் எழுதிய கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் நான் கையெழுத்திட்ட பெயரை எடுத்துவிட்டு, 'திருமதி' போட்டு என் கணவர் பெயரை அச்சிட்டிருந்தீர்கள். அது என்ன இயற்கை விதி?

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தின் கீழே என் பெயர்கூட வேண்டாம், கீழே இருப்பதை மட்டும் மாற்றாமல் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை