இடுப்பு வலிக்கு அக்குபங்சர்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வலியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சர், அதாவது உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன மருத்துவ முறை, என்றொரு வழி இருப்பதை மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும், விரும்புகிறவர்கள் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்திக்கொள்ள உதவ வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். சங்கத்தின் ஆண்டு வேலையில் பெரும்பகுதி அதற்கே போனது. அறிக்கையும் அதைப் பற்றித்தான் பேசும். வழக்கமான கூட்டங்கள், உறுப்பினர் சேர்க்கை முதலியவை பதிவேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். 2020-இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்ததாகவும், 2050-க்குள் அது 84.3 கோடி ஆகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. நம் கூட்டங்களுக்கு வந்த பலரும் முதலில் சொன்னது இதைத்தான்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க." சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்கள் நடிக்கிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே வந்திருக்கும். ஸ்கேனில் தெரியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொன்ன பிறகே ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

இந்த ஆண்டு செயற்குழுவில் அதிக நேரம் எடுத்தது துண்டறிக்கை. 2007-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றை அதில் சேர்ப்பது என்று முடிவானது. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வாக்குவாதம். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை அந்த ஆய்வில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படியான அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்கு அக்குபங்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில், ஆழமில்லாமல், ஒப்புக்கு ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4.

முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் மட்டும் போட்டால் போதுமே, மக்கள் ஆர்வமாக வருவார்களே என்று குழுவில் சிலர் கேட்டார்கள். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் நடுவில் இருக்கும் எண்ணை மறைத்தால், நாளைக்கு அதை வேறு எங்கோ படிப்பவர் நாம் சொன்ன எதையுமே நம்ப மாட்டார். மூன்று எண்களையும் அச்சிட்டோம். அவை சொல்வது எளிமையான விஷயம்தான்: வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட ஊசி போட்டுக்கொண்டவர்களில் அதிகம் பேருக்குச் சுகம் கிடைத்தது, ஆனால் எந்தப் புள்ளியில், எவ்வளவு ஆழத்தில் என்பதால் வந்த வித்தியாசம் சிறியது. படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அப்புறம் 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளைச் சேர்த்து 2018-இல் ஒரு தொகுப்பு வந்தது. முதுகு, கழுத்து, மூட்டு, தோள், தலை என்று பலவகை நாள்பட்ட வலிகள் அதில் அடக்கம். ஒப்புக்குப் போட்ட ஊசியைவிட முறையான அக்குபங்சர் சற்றே கூடுதலாகப் பலன் தருகிறது என்று அது காட்டியது.

அரசுகளும் மருத்துவ அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் துண்டறிக்கையில் சொன்னோம். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. 2016-இல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயலக்கூடிய மருந்தில்லா வழிகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி, நிபந்தனையோடு அதைப் பரிந்துரைக்கிறது. அதே வழிகாட்டி இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பெல்ட் போட்டபடி கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பலர் இதைக் கேட்டதும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அன்றைக்கு அக்குபங்சரைவிட நடைப்பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அது நல்லதுதான் என்பது என் கருத்து. ஊசியால் வலி கொஞ்சம் தணியும் நேரத்தில் உடம்பை அசைக்கத் தொடங்குகிறவருக்கே நீடித்த பலன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செயல்விளக்கக் கூட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர், புதிதாகப் பிரித்த ஊசிகளைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். கால் மில்லிமீட்டர் தடிமன்தான். ரத்தம் எடுக்கும் ஊசி குழாய் போல உள்ளே வெறுமையாக இருக்கும். இது திடமான கம்பி, உள்ளே மருந்தும் கிடையாது. நம் உறுப்பினர் ஒருவர் தாமாக முன்வந்து குப்புறப் படுத்தார். இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முதுகுத்தண்டின் இரு பக்கமும், பிறகு இரண்டு முழங்கால்களின் பின்மடிப்பிலும், மெல்லிய குழலை வைத்து ஊசியின் தலையைச் சிகிச்சையாளர் விரலால் தட்டினார். படுத்திருந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "குத்துன மாதிரி தெரியலை, உள்ளே கனமா இழுக்குற மாதிரி இருக்கு" என்றார். அந்தக் கனமான உணர்வைத்தான் சீன மருத்துவத்தில் 'தே சி' என்கிறார்கள். ஊசிகள் இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தன.

இடுப்பு வலிக்கு முழங்காலுக்குப் பின்னால் ஏன் என்று முன்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. தலையில் தொடங்கி முதுகு வழியாக இறங்கிக் கால் சுண்டுவிரல் வரை போகும் பாதையில் அந்த இடமும் இருக்கிறது என்று மரபு சொல்கிறது. நரம்புகள் தூண்டப்பட்டு, உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலி தணிக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஊசி குத்திய இடத்தில் வலி தணிக்கும் இன்னொரு பொருளான அடினோசின் கூடுவதை 2010-இல் எலிகளில் கண்டார்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கிய டிஸ்க்கை ஊசி உள்ளே தள்ளிவிடுமா என்று இன்னொருவர் கேட்டார். தள்ளாது. அப்படிச் சொல்லி யாராவது அழைத்தால் போகாதீர்கள் என்று அங்கேயே தெளிவாகச் சொன்னோம்.

பாதுகாப்பு விஷயத்தில் நாம் கறாராக இருந்தோம். ஜெர்மனியில் சுமார் 2.3 லட்சம் பேரைக் கவனித்து 2009-இல் வந்த ஆய்வில், 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது; பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, ரத்தக்கட்டு, லேசான வலி. நுரையீரல் உறையில் காற்று புகுவது போன்ற ஆபத்து மிக அரிது, ஆனால் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசியா, சிகிச்சையாளர் எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேட்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்சாரம் பாய்ச்சும் அக்குபங்சரைத் தவிர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது என்றாலும் முதலில் மருத்துவர்தான். நம் கூட்டத்துக்கு வந்த ஒருவர், உட்காரும் இடமே இரண்டு நாளாக மரத்திருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தொண்டர்கள் அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அந்தத் தொண்டர்களுக்கு இந்த அவையின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

எத்தனை முறை போக வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அமெரிக்காவில் முக்கியமாக மூத்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 அமர்வுகளை ஏற்கிறது. முன்னேற்றம் தெரிந்தால் மட்டும் மேலும் 8. ஆண்டுக்கு 20-க்கு மேல் இல்லை. பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்ற அந்த ஒழுங்கு நம் குழுவுக்குப் பிடித்திருந்தது. அதை ஒட்டி ஒரு குறிப்பேடு தயாரித்துக் கொடுத்தோம். வலி பத்துக்கு எத்தனை என்பதோடு, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதையும் பிடிக்காமல் குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று எழுத அதில் கட்டங்கள் உண்டு.

ஓர் அம்மா தம் குறிப்பேட்டைக் காட்டினார். வலிக்கான எண் அதிகம் இறங்கவில்லை. ஆனால் உட்காரும் நேரம் வாராவாரம் ஏறியிருந்தது. ஓரத்தில் பென்சிலால், "பேரனைத் தூக்கினேன்" என்று எழுதியிருந்தார். இன்னொருவரின் குறிப்பேட்டில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே எண்தான். அவர் நிறுத்திவிட்டு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறார். குறிப்பேடு இரண்டு பேருக்கும் உதவியிருக்கிறது.

இன்னும் சரியாகாத விஷயம், மருத்துவரும் அக்குபங்சர் சிகிச்சையாளரும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்பது. நடுவில் நோயாளி இரண்டு பக்கமும் பாதி உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எடுக்கும் மாத்திரைகள், பழைய நோய்கள், பெறும் சிகிச்சை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரிடமும் கொடுக்கும் படிவத்தைத் தயாரித்திருக்கிறோம். வரும் ஆண்டில் அதைப் பரவலாக்க வேண்டும். மூத்தவர்களுக்கென்று தனிக் கூட்டங்களும் தேவை. 65 வயதைத் தாண்டிய 800 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்களுக்கு அன்றாட இயக்கத்தில் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் இருந்தது. வலி மாத்திரைகளால் வயிறும் சிறுநீரகமும் அதிகம் பாதிக்கப்படுவது அந்த வயதினருக்குத்தான் என்பதால் அவர்களைத் தேடிப் போவது அவசியம்.

குறிப்பேடு வழங்கும் பணிக்கும் மூத்தவர்களின் வீடுகளுக்குச் சென்று பேசும் பணிக்கும் தொண்டர்கள் போதவில்லை. முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்