எலிக்கு ஆறுகிறது, மனிதனுக்கு ஆறுவதில்லை

ஹானோவர்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் அரங்கேற்றம் நல்லபடி முடிந்ததில் எனக்கும் சந்தோஷம். போட்டோவில் உன்னையே மிஞ்சி நிற்கிறாளே!

"கேன்சர் ஆராய்ச்சின்னுதானே போனே, நுரையீரல் எதுக்கு?" என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கும் அதே குறைதான். கேன்சர் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளலாமாம்.

எம்.எஸ்ஸி.யில் டி.ஜி.எஃப்-பீட்டா புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? புற்று பரவத் துணைபோகும் அதே புரதம்தான் நுரையீரலில் தழும்பையும் ஏற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

காரணம் பிடிபடாமல் வருகிற தழும்பு நோயை ஐ.பி.எஃப். என்பார்கள். காற்றுப் பைகளின் சுவரில் கொலாஜன் என்கிற நார்ப் புரதம் சேர்ந்து சேர்ந்து நுரையீரல் விறைத்துப்போகும். முதுகின் அடிப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் சத்தம் கேட்கும். சிகிச்சை இல்லாவிட்டால், கண்டுபிடித்த 3 முதல் 5 வருடங்களுக்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். சில புற்றுநோய்களே தேவலை. இதை வெறும் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரினும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். 2012-இல் வந்த சோதனை முடிவைப் பார்த்தால், அந்தக் கூட்டு மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவு அதிகம்! அதைப் படித்த பிறகு இந்தத் துறையை விட மனசு வரவில்லை. 2014-இல் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் பிளியோமைசினை (அதுவும் கேன்சர் மருந்துதான், சிரிக்காதே) மூச்சுக்குழாயில் விட்டு எலிக்குத் தழும்பு உண்டாக்குகிறோம். இளம் எலிக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறத் தொடங்கிவிடும். மனிதனுக்கு மட்டும் ஏன் ஆறுவதில்லை என்பதுதான் என் ஆய்வு. எலியை ரொம்ப நம்பக்கூடாது என்பது என் கட்சி. இங்கே நுரையீரல் மாற்று அறுவை நிறைய நடக்கிறது. நோயாளியிடமிருந்து எடுத்த நுரையீரலை மெல்லிய துண்டுகளாகச் சீவி, சில நாள் உயிரோடு வைத்துப் பார்க்கிறோம். போன் வந்தால் நடுராத்திரியிலும் ஓட வேண்டும். நோயில்லாத நுரையீரலின் நார் உண்டாக்கும் செல்லை (ஃபைப்ரோபிளாஸ்ட்) விறைப்பான பரப்பில் வளர்த்தாலே போதும், அதுவும் கொலாஜனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. தழும்பே தழும்பை வளர்க்கிறதடி!

இன்னொரு விஷயம். மாமியாருக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல் என்று எழுதியிருக்கிறாய். பால்கனியில் புறாக்கள் கூடு கட்டியிருப்பதையும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்து யோசித்தாயா? புறா எச்சமும் இறகுத் தூசியும் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் தழும்பேறுவது உண்டு. இந்தியாவில் இப்படி அழற்சியோ தழும்போ ஏறுகிற பலவகை நுரையீரல் நோயாளிகள் 1,084 பேரை வைத்துத் தொகுத்த பதிவேடு 2017-இல் வெளியானது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மூச்சில் போகிற ஏதோ ஒன்றின் ஒவ்வாமையால் வந்த நோய். ஏர்கூலர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. பயமுறுத்தவில்லை. நெஞ்சு டாக்டரிடம் காட்டி, புறா விஷயத்தையும் சொல்லி, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேள். கூட்டை மாமியார் கையால் சுத்தம் செய்யவிடாதே.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. பொங்கலுக்கு வர முடியாது, சித்திரையில் பார்க்கலாம்.

அன்புடன்,
கோமதி