இராமுழுதும் அடித்த காற்று

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். போனில் பேச ஆரம்பித்தால் நீயும் அழுகிறாய், அம்மாவும் அழுகிறாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று, விசா முடியப்போகிறது, வீட்டுக்கடன் தவணை நிற்கிறது, பேரனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். "முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியலப்பா" என்றாய். அன்று ராத்திரி வேதத்தில் யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் நீ மனப்பாடமாய்ச் சொன்ன செங்கடல் கதைதான்.

முதலில் ஒன்று. எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு மோசேயோடு புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்கள் வழி தவறிப்போய்ச் செங்கடல் ஓரத்தில் மாட்டவில்லை. பெலிஸ்தரின் தேசத்து வழி கிட்டத்து வழி. அதை விட்டுச் சுற்றிக் கூட்டிவந்தவரே கர்த்தர். மிக்தோலுக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே, பாகால்செபோனுக்கு எதிரே பாளயமிறங்கு என்று இடத்தைச் சொன்னவரும் அவரே. அப்புறம்தான் எகிப்தின் ராஜா பார்வோன் பிரதானமான 600 இரதங்களோடு பின்னால் வருகிறான். ஆகவே, "எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை" என்று சொந்தக்காரர் யாராவது ஆராய்ச்சி பண்ணினால் காதில் வாங்காதே. எகிப்தில் பிரேதக்குழி இல்லையென்றா இங்கே சாகக் கொண்டுவந்தீர் என்று அந்த ஜனங்கள் மோசேயிடம் கத்தினார்கள். அதற்காகக் கர்த்தர் அவர்களைக் கைவிடவில்லை. நீ அழுதாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"நின்றுகொண்டு கர்த்தர் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்" என்று மோசே ஜனங்களுக்குச் சொன்ன வசனம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் தொங்குகிறது. அதற்கு இரண்டு வசனம் தள்ளி, "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள்" என்று கர்த்தர் மோசேக்குச் சொல்கிறாரே, அதை நான் எந்தக் காலண்டரிலும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வந்ததுதான்.

அப்புறம் அந்தக் காற்று. படத்திலெல்லாம் மோசே கோலை நீட்டியதும் கடல் சட்டென்று பிளக்கும். வேதத்திலோ பலத்த கீழ்க்காற்று இராமுழுதும் அடித்தது என்று இருக்கிறது. உப்பளத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இது நன்றாகப் புரியும். பாத்தியில் தண்ணீர் கட்டிய பிறகு வரப்பில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. காலையில் பார்த்த தண்ணீர்தான் மதியமும் நிற்கும். வெயிலும் காற்றும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஒருநாள் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூக்கும். அன்று ராத்திரி அந்த ஜனங்களுக்கும் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் வழிகாட்டி முன்னால் நடந்த மேகஸ்தம்பம், அந்த மேகத் தூண், பின்னால் வந்து நின்றுகொண்டது; விடியுமட்டும் எகிப்தியரால் கிட்டே நெருங்க முடியவில்லை. பேங்க்காரன் இன்னும் நோட்டீஸ் அனுப்பவில்லை என்றாயே, அதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவைக் கொண்டுபோன வேலூர் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1918-இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1930-களின் கடைசியில், இனி டிப்ளமா செல்லாது, பட்டப்படிப்பாக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கட்டடம், ஆள், பணம் எதுவும் அதற்குப் போதாது. அந்த அம்மாவுக்கோ 70 வயதை நெருங்குகிறது. ஜெபித்தார்கள், அந்த வயதில் பணம் திரட்ட அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இணைப்பு கொடுத்தது. நடுவில் இருந்த வருஷங்களில் பள்ளி மூடிவிடும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளைக்கு அங்கேயே வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வருவதும் கர்த்தர் திறக்கிற வழியாக இருக்கலாம். வந்தால் நம் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. கௌரவம் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்.

இன்னொன்று. காணிக்கை அனுப்பினால் நூறு மடங்கு திரும்பி வரும் என்று டிவியில் ஒருவர் சொல்வதைக் கேட்டுப் பணம் அனுப்பப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம். அந்தப் பணத்தில் பேரனுக்கு ஃபீஸ் கட்டு. கர்த்தர் வட்டிக்கடை வைத்திருக்கவில்லை.

பேங்குக்கு நானே போய் வந்தேன். தவணையைத் தள்ளிவைக்க நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வேலை போன கடிதத்தையும் சேர்த்து விண்ணப்பம் அனுப்ப வேண்டுமாம். இந்த வாரமே அனுப்பு. ரோட்டோரத்து மனையை விற்கலாம் என்றால், அங்கே தூதரகத்தில் சான்று வாங்கி எனக்குப் பவர் பத்திரம் அனுப்புங்கள். கேட்டு வைத்திருக்கும் ஆள் நல்ல ஆள்தான்; விலையில் கொஞ்சம் இழுப்பார், நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா விடியுமுன்னே எழுந்து உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்கிறாள். பேரனுக்குப் பிடிக்குமே என்று கருப்பட்டி மிட்டாயும் வாங்கி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா