வீட்டு வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மனையின் அளவைச் சொன்னதும் நீங்கள் முதலில் கேட்பது, "எத்தனை படுக்கையறை வேண்டும்?" என்பதுதான். அறைகளையெல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்துக்குப் பச்சை நிறம் தீட்டி 'தோட்டம்' என்று எழுதிவிடுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் போட்டுத் தந்தார்கள். அதில் பல வருடம் குடியிருந்த பிறகு இதை எழுதுகிறேன்.

40 அடி அகலம், 60 அடி நீளம் உள்ள மனை. அதன் நட்டநடுவில் 25க்கு 40 என்று வீடு. காலியிடம் 1,400 சதுர அடி என்று வரைபடத்தில் பார்த்தபோது மகிழ்ந்துபோனோம். குடிவந்த பிறகுதான் புரிந்தது, அது தோட்டமல்ல, நான்கு சந்துகள். இருபக்கமும் ஏழரை அடி, முன்னும் பின்னும் 10 அடி. ஒரு சந்தில் குழாய்கள், ஒன்றில் செப்டிக் டேங்க், முன்னால் கார். ஒரு மரம் கிளை விரிக்கவோ, நாலு நாற்காலி போட்டு உட்காரவோ எங்கேயும் இடமில்லை.

அதே வீட்டை, ஓர் அறையைக்கூடக் குறைக்காமல், பின்மதிலிலிருந்தும் ஒரு பக்க மதிலிலிருந்தும் 4 அடி மட்டும் விட்டுத் தள்ளிப் போட்டிருந்தால்? முன்னால் 16 அடி, மறுபக்கம் 11 அடி. இரண்டும் சேர்ந்து 1,100 சதுர அடிக்கு மேல் ஒரே துண்டாகக் கிடைத்திருக்கும். மதிலிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதி ஊருக்கு ஊர் மாறும். ஆனால் விதி சொல்வது குறைந்தபட்ச அளவைத்தான். நான்கு பக்கமும் சமமாக விடச் சொல்லி எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையென்றால், ஏன் எப்போதும் நடுவிலேயே வைக்கிறீர்கள்?

சரி, எந்தப் பக்கம் ஒதுக்குவது? அதை வெயில்தான் சொல்ல வேண்டும். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 20 அடி உயர வீட்டின் நிழல் 20 அடி நீளம். 30 டிகிரிக்கு இறங்கினால் அதுவே சுமார் 35 அடி. அதாவது வீட்டின் தவறான பக்கத்தில் தோட்டம் அமைந்தால், அது முழுக்க நிழலில் போய்விடும். காய்கறிச் செடிகளுக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளில் வீட்டை வடக்கே ஒதுக்கித் தெற்கைத் தோட்டத்துக்கு விடுவது நல்லது. தெற்கே தள்ளியிருந்தால் நேர்மாறு. வெப்பமண்டலத்தில் உச்சிவெயில் ஆண்டில் சில காலம் வடக்கேயும் சில காலம் தெற்கேயும் சாயும். அங்கே பெரிய தொல்லை மேற்கு வெயில்தான். மேற்கே ஒரு நிழல் மரத்துக்கு இடம் விட்டால் வீடும் குளிரும்.

தோட்டத்தை எங்கிருந்து பார்ப்போம் என்பதையும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் பெரிய ஜன்னல் மதிலைப் பார்க்கிறது, செடிகள் இருக்கும் பக்கம் குளியலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் மண்ணில் கால்படாத வீட்டில், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதே தனி வேலையாகிவிடுகிறது.

அப்புறம் மண். இதைத்தான் நான் மிகவும் வருந்திச் சொல்கிறேன். வேலை தொடங்கும் முன் மேலாக உள்ள முக்கால் அடி மண்ணை வழித்து ஓர் ஓரத்தில் குவித்து வைக்கச் சொல்லுங்கள். உயிருள்ள மண் அதுதான். எங்கள் மனையில் அதன்மேலேயே லாரி ஏறியது, ஜல்லி கொட்டினார்கள், சிமெண்ட் கலவைச் சட்டிகளைக் கழுவி ஊற்றினார்கள். சிமெண்ட் நீர் காரத்தன்மை கொண்டது, மண்ணைக் கெடுத்துவிடும். இறுகிப்போன அந்த இடத்தில் மழைநீர்கூட இறங்காமல் தேங்கி நின்றது. தோட்டமாகப் போகும் பகுதிக்கு முதல் நாளே வேலி போட்டுவிட்டால் இத்தனையும் நடக்காது.

மனையில் ஏற்கெனவே மரம் இருந்தால் அதையும் வரைபடத்தில் குறியுங்கள். அதன் வேர் கிளைகளின் விரிவைத் தாண்டியும் போகும், பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே ஓடும். அதனால் அடித்தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டால் போதும் என்று நினைத்து அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

இடம் போதவில்லை என்று சொல்பவர்களிடம் மாடியைப் பற்றிப் பேசுங்கள். 1,000 சதுர அடியை இரண்டு தளமாகப் பிரித்தால் தரையில் 500 சதுர அடி மிஞ்சும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படி ஏறுவது சிரமம்தான், அவர்கள் அறை மட்டும் கீழே இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்து வாங்கும் முன் வீட்டுக்காரரை மனைக்கு அழைத்துப் போங்கள். சுண்ணாம்புப் பொடியால் வீட்டின் எல்லையைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கட்டும். எங்களுக்கு யாரும் அப்படிக் காட்டவில்லை.

அன்புடன்,
நான்கு சந்துகளுக்கு நடுவே குடியிருக்கும் ஒருவர்