நீலக் குப்பியைத் திறக்காதே

அன்புள்ள முருகேசா,

படம் கிடைத்தது. சவப்பெட்டி வடிவம், கோபால்ட் நீலம், மேலெல்லாம் சொரசொரப்பு, அடியில் மூன்று நீல மாத்திரை. நியூ ஜெர்சிச் சந்தையில் நல்ல சாமான்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் சோப்புத் தண்ணீரில் அலசி அலமாரியில் வைக்கப்போகிறேன் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பு. நம் சித்த வைத்தியர்கள் சவ்வீரம் என்பார்களே, அதேதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கை கழுவ, புண் கழுவ அமெரிக்க வீடுகளில் வைத்திருந்த கிருமிநாசினி. வழக்கமாக ஒரு மாத்திரையில் 7.3 கிரெயின், அதாவது 0.47 கிராம். ஒரு பைன்ட் தண்ணீரில் (அங்கே 473 மில்லி) ஒன்றைப் போட்டால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கரைசல் தயார். தராசே வேண்டாம். அதே ஒரு மாத்திரையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து: முதலில் குடல் வெந்துபோகும், பிறகு சிறுநீரகம் நின்றுவிடும், சாவதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நடிகை ஆலிவ் தாமஸ் 1920இல் பாரிஸில் இறந்தது இந்த உப்பைக் குடித்துத்தான். தலைவலி மாத்திரை என்று இருட்டில் எடுத்துவிடக் கூடாதே என்றுதான் மாத்திரைக்குக் கோண வடிவம், நீலச் சாயம், குப்பிக்குச் சொரசொரப்பு.

இத்தனை ஆபத்துக்கு மருந்தாவது உருப்படியா என்றால், அதுவும் அரைகுறை. பாதரசம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சீழும் ரத்தமும் உள்ள புண்ணில் வீரியம் குறைந்துவிடும். விழுங்கியவருக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கொடுத்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான். எஃகுக் கத்தியை அரித்துவிடும் என்பதால் அறுவைக் கருவிகளுக்கும் ஆகாது.

தக்கையைப் பிடுங்காதே, பழைய தக்கை உதிரும், தூள் பறக்கும். கையுறை போட்டு, குப்பியை அப்படியே இரண்டு ஜிப் பைக்குள் வைத்து, வெளியே பெயர் எழுது. சூடு படும் இடம் கூடாது, இந்த உப்பு ஆவியாகும். சிங்க்கில் ஒரு சொட்டும் போகக் கூடாது. உன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வீட்டு அபாயக் கழிவு வாங்கும் நாளில் மாத்திரைகளை அவர்களையே எடுக்கச் சொல். காலிக் குப்பி மட்டும் உனக்கு.

இனிப் பழைய மருந்துக் குப்பி வாங்கும்போதும் பார்த்துக்கொள். தார் வாடையோடு இளஞ்சிவப்பாக உறைந்திருந்தால் கார்பாலிக் அமிலம். தோல் வெளுத்து மரத்துப்போவதால் சுடுவதே தெரியாது. சாதாரண நைட்ரைல் கையுறையையும் சீக்கிரம் ஊடுருவும். டிங்க்சர் அயோடின் குப்பியை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதே, காய்ந்தபின் தொட்டாலே வெடிக்கும் பொருள் உண்டாகலாம். தீப்புண்ணுக்குப் போட்ட பிக்ரிக் அமிலம்தான் எல்லாவற்றிலும் மோசம்: மூடியோரம் மஞ்சள் படிகம் தெரிந்தால் திருகாமல், நகர்த்தாமல், தீயணைப்புத் துறையைக் கூப்பிடு.

வயது கேட்டிருந்தாயே. பக்கவாட்டு வார்ப்புக் கோடு கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் முடித்தது. விளிம்பைத் தாண்டி ஓடினால் இயந்திரக் குப்பி, பெரும்பாலும் 1905க்குப் பிந்தியது. உன் படத்தில் கழுத்து நிழலில் இருக்கிறது. பைக்குள் போடுமுன் பக்கவாட்டில் விளக்கு வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்