நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டேன்

தம்பி,

நேற்றோடு 11 வருடம். தேதியை நீயும் மறந்திருக்க மாட்டாய். 4 வருடத்துக்கு முன்னால், ஒரு வார்த்தைகூட எழுதாமல் நீ அனுப்பினாயே 'பாரனாய்ட் பார்க்' என்ற சினிமா, அதை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். அப்போது "சரி, பார்க்கிறேன்" என்று பதில் போட்டதோடு சரி. நேரமில்லாமல் இல்லை. கஸ் வான் சாண்ட் 2007-இல் எடுத்தது, போர்ட்லாண்டில் ஸ்கேட்போர்டு ஓட்டும் 16 வயசுப் பையனால் ரயில் பாதையில் ஒரு காவலாளி செத்துப்போகிறார் என்று படித்ததுமே மூடி வைத்துவிட்டேன்.

உன் பழைய எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. நான் இங்கே எழுதுவதை நீ படிப்பாய் என்று தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் அன்றைக்கு வெளியே நடந்ததை எழுத மாட்டேன். அந்தக் குடும்பம் இன்னும் இருக்கிறது.

படத்தில் அந்தப் பையன் ஷவருக்கு அடியில் நிற்கிறான் இல்லையா, தலைமுடியிலிருந்து தண்ணீர் இழை இழையாக ஒழுக, பறவைச் சத்தம் ஏறிக்கொண்டே போக, அப்படியே கீழே சரிகிறானே, அங்கே நிறுத்திவிட்டேன். எனக்குக் கேட்டது நம் வீட்டுக் குளியலறைக் குழாய். நீ உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அழுகிறாயா என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன், தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தட்டினேன். "தண்ணியை மூடுடா, அம்மா எழுந்துடுவா." உடனே மூடினாய். ஈரத் தலையோடு வந்து நின்று "அக்கா" என்று ஆரம்பித்தாய். "யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே, போய்ப் படு" என்றேன்.

எனக்கு அப்போது 19 வயசுடா. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னொன்றை அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, சாக்குதான், ஆனால் உண்மையும்கூட. மன்னித்துவிடு.

படத்தில் நடித்த பையன்களை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடித்தார்களாம், பெரும்பாலும் நடித்தே பழக்கமில்லாதவர்கள். அதனாலோ என்னவோ, அவன் முகத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியபோது உன் முகமும் அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன். இவன் தேறிவிட்டான் என்று நினைத்தேன், என் செல்லமே.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை. யாருக்காவது எழுது என்று படத்தில் அவன் தோழி மேசி சொல்கிறாள், அவனும் முன்னும் பின்னுமாகக் குழப்பியாவது எழுதுகிறான். கடைசியில் நெருப்பில் போட்டாலும், எழுதினான். நீ ஒரு படத்தை அனுப்பிவிட்டு, இவளே புரிந்துகொள்ளட்டும் என்று 4 வருடம் பேசாமல் இருந்தாயா? அவன் ஏன் வருவதில்லை என்று அம்மா என்னிடம்தானே கேட்கிறாள்? வேலை, லீவு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிறவள் நான். அது எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தாயா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. என் பங்கை மட்டும்தான் சொல்வேன், அவன் பேச வந்தான், நான் வாயை மூட வைத்தேன் என்று. மீதி உன்னுடையது. அதற்கு முன்னால் கூப்பிடு, எந்நேரமானாலும் எடுப்பேன். அன்றைக்கு "அக்கா" என்றாயே, அதிலிருந்தே ஆரம்பி.